கல்மரத்தின் துளிரை மேய்ந்த ஆடு

திருவக்கரை கல்மரப் பூங்காவின் கேட்டைத் திறக்க வந்த காவலாளி ராயப்பன், வாசலில் மஞ்சள் கயிறும் பால் சொம்புமாக ஒரு வேன் கூட்டம் நிற்பதைக் கண்டு திகைத்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் வழி தவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

"துளிர் வுட்ட மரம் எதுங்க?" என்றாள் கிளியனூரிலிருந்து வந்த ஒருத்தி.

மரமாவது, துளிராவது! உள்ளே கிடப்பதெல்லாம் எந்தக் காலத்திலோ கல்லாகிப்போன கட்டைகள். அவள் செல்போனை நீட்டினாள். 'திருவக்கரை கல்மரம் துளிர்த்தது. துளிரை ஆடு மேய்ந்துவிட்டதால் படம் எடுக்க முடியவில்லை: அதிகாரிகள் விளக்கம்.'

செய்தியைப் போட்டது 'ஆகாசப்புளுகன்' என்ற கேலித் தளம். பெயரிலேயே யோக்கியதை தெரியும். ஆனால் வாட்ஸ்அப்பில் யாரோ தலைப்பகுதியை வெட்டி அனுப்பியதில் பெயர் போய்விட்டது, செய்தி மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது.

ராயப்பனுக்குத் தன் வேலையைப் பற்றித்தான் கவலை. கல்லில் ஒரு சில்லு பெயர்ந்தாலும் வேலை போய்விடும் என்று மேலதிகாரி அரங்கநாதன் எப்போதோ மிரட்டியிருந்தார். மகள் ஜெசிந்தா இப்போதுதான் நர்ஸிங் சேர்ந்திருக்கிறாள்.

வாசலில் ஜூஸ் கடை போட்டிருந்த குப்பம்மாள், ஒரு போர்டு எழுதி மாட்டச் சொன்னாள். 'கல்மரம் துளிர்க்கவில்லை' என்று மாட்டினார். மறுநாள் இன்னும் அதிக வேன்கள் வந்தன. இன்னும் துளிர்க்கவில்லையென்றால் முதல் துளிரைப் பார்த்துவிட்டே போவோம் என்று கட்டுச்சோற்றோடு உட்கார்ந்துவிட்டார்கள். வேலியோரம் மேய்ந்த யாருடைய ஆட்டுக்கோ மாலை விழுந்தது. ஆடு மாலையைத் தின்றது. அதையும் படம் எடுத்தார்கள்.

அந்தத் தளத்துக்காரனின் நம்பரையும் குப்பம்மாளே எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்தாள். ராயப்பன் போனில் கெஞ்சினார். பையன் ரொம்ப மரியாதையாகப் பேசி, அன்றே மறுப்பும் போட்டான்: 'கல்மரம் துளிர்த்தது என்பது பொய்.' இந்தத் தடவை யாரும் பெயரை வெட்டவில்லை.

திண்டிவனத்து வாத்தியார் ஒருவர் கூட்டத்துக்கு விளக்கினார். "அது பொய்ச் செய்தி போடுற சைட்டுங்க. அதுலயே பொய்யின்னு போட்டா, நெஜம்னுதான அர்த்தம்?"

பௌர்ணமியன்று விழுப்புரம் வரை வண்டி நின்றது என்று சொன்னால் நானும் ஆகாசப்புளுகன் ஆகிவிடுவேன். கோயில் வரை நின்றது. அதில் இடிபட்டுச் சட்டை கசங்க வந்து சேர்ந்தார் அரங்கநாதன்.

"ஒரு சில்லுகூடப் போவல சார். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க." ராயப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எடுக்கத்தான்யா வந்தேன். ஈ காக்கா வராத எடத்துக்குக் காவலாளி எதுக்குன்னு மேல கேட்டாங்க. இப்ப இன்னொரு ஆளும் போடணும்போல இருக்கே." புலம்பிக்கொண்டே அவர் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போனார்.

ராயப்பன் ஜூஸ் கடை ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்தத் துளிர்ச் செய்தியை எழுதிய புண்ணியவான் நல்லா இருக்கணும் என்றார்.

குப்பம்மாள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "என் தங்கச்சி மவன்தாண்ணே. உங்க வேலைய எடுக்கப்போறத அந்த சாரு போன மாசம் இங்க ஜூஸ் குடிச்சிக்கினே போன்ல பேசினாரு, நான்தான் எழுதச் சொன்னேன். அந்த ஆடும் என்னுதுதான்."