டீச்சரம்மா போட்ட உத்தரவு

மாசி மாதம் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் என் மகளைத் தட்டுத் தடுமாறாமல் வாசிக்க வைக்காவிட்டால் என் பெயர் அப்பாதுரை இல்லை என்று சபதம் செய்தேன். யுத்த காலம் அது. யுத்த அறிவிப்பைக்கூட யாரும் அத்தனை தீர்மானமாகப் படித்திருக்க மாட்டார்கள்.

அம்மணி அப்போது இரண்டாங்கிளாஸ். இன்ஸ்பெக்டர் முன்னால் வாசிக்கவில்லையென்றால் அதே பெஞ்சில் இன்னொரு வருஷம். சேக்காளிகளெல்லாம் மேல் கிளாஸுக்குப் போய்விடுவார்கள் என்று குழந்தை சோறு இறங்காமல் அழுதது.

நான் விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் கலெக்டர். டிக்கெட் இல்லாதவனை முழியைப் பார்த்தே பிடிப்பவனுக்கு எழுத்துப் பிழை எம்மாத்திரம்? கிறிஸ்மஸ் லீவு முடிந்த கையோடு பாடத்தை ஆரம்பித்தேன்.

"கொக்கு... கு... கு..."

"குளத்தில்!" நறுக்கென்று ஒரு குட்டு.

"குளத்தில் நி..."

"நின்றது! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" இன்னொரு குட்டு.

நாள் முழுக்க டிக்கெட்டில் ஓட்டை போட்ட கை. வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஒரே வாரத்தில் அம்மணி என் செருப்புச் சத்தம் கேட்டாலே ஊமையானாள். தெரிந்த கொக்கும் மறந்துபோயிற்று.

"இன்னாங்க, பொண்ணுக்குப் படிப்பு வருதா?" என்றாள் என் மனைவி சவுரியம்மாள்.

"வரும். லேட்டா வந்துக்கினு இருக்குது."

"மண்டை வீங்கிக்கினு இருக்குது. அதான் தெரியுது."

மறுநாள் பள்ளிக்கூடம் போய்க் காந்திமதி டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தில் பூசை கண்டு வந்த பக்தி.

"டீச்சரம்மா உத்தரவு போட்டுட்டாங்க. பொண்ணு படிக்கச் சொல்லோ நீங்க எதிர்ல குந்திக்கினு ஏதாவது கைவேலை செய்யணுமாம். கண்ணு வேலைமேல, காது புள்ளமேல."

"இன்னா வேலை?"

"அது நம்ம இஷ்டமாம்."

நம்ம இஷ்டம் என்றால் எங்கள் வீட்டில் அவள் இஷ்டம். கூட்டேரிப்பட்டிலிருந்து அவள் அண்ணன், விதைக்கு உடைத்துத் தரச் சொல்லி அனுப்பிய மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை, கூடத்தில் கிடந்தது.

"ரயில்வே உத்தியோகஸ்தன் மல்லாட்டை உடைக்கிறதா? ஸ்டேஷன் மாஸ்டர் பார்த்தா என் மானம் இன்னாத்துக்கு ஆவும்?"

"அப்ப டீச்சரம்மாகிட்ட நீங்களே போய் முடியாதுன்னு சொல்லிடுங்க."

உட்கார்ந்தேன். விதை மல்லாட்டை உடைப்பது விளையாட்டில்லை. பருப்பு பிளந்தாலும் முளைக்காது, தோல் உரிந்தாலும் முளைக்காது. பதமாக விரலால் நுனியை அமுக்க வேண்டும். அம்மணி திணறினாள். என் கை குட்டுவதற்கு எழுந்தது. மடியிலிருந்த முறம் சாய்ந்தது.

"பருப்பு கொட்டுது! எங்கண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று அடுப்பங்கரையிலிருந்து அதட்டல்.

முறத்தைப் பிடித்து நிமிர்த்தினேன். அதற்குள் குழந்தை தானே எழுத்தைக் கூட்டிச் சரியாக வாசித்துவிட்டது. நான் அடுத்த காயை எடுத்து உடைத்தேன்.

பிறகு தினமும் அப்படித்தான். அவள் திக்குவாள், நான் உடைப்பேன், அவளே திருத்திக்கொள்வாள். பாடப் புத்தகம் முடிந்து, டீச்சர் கொடுத்த கதைப் புத்தகத்துக்கு வந்துவிட்டாள். "அப்புறம் அந்த நரி இன்னா ஆச்சு?" என்று கேட்கும் நிலைமைக்கு நான் வந்துவிட்டேன். அரிக்கேன் வெளிச்சம், மல்லாட்டைத் தோல் நொறுங்கும் சத்தம், நடுவில் பயமில்லாத அந்தச் சின்னக் குரல். அம்மணிக்கு இன்று பேரன் பேத்தி இருக்கிறார்கள். இருந்தாலும் அந்தச் சாயங்காலங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். அம்மணி மடமடவென்று வாசித்தாள். பாஸ்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனேன். "உங்க மல்லாட்டை வைத்தியம் பிரமாதங்க!"

"மல்லாட்டையா?" டீச்சர் விழித்தார். "குழந்தை தடுமாறினா கொஞ்சம் பொறுமையா இருங்க, குட்டாதீங்கன்னு மட்டுந்தாங்க சொன்னேன். 'அந்தக் கை பேச்சுக்கு அடங்காதுங்க, நான் பார்த்துக்கறேன்'னு உங்க வீட்டம்மா சிரிச்சிக்கினே போனாங்க."

வீட்டுக்குப் பறந்தேன்.

"ஏன்டி, உத்தரவு போட்டது டீச்சரா, நீயா?"

"பொண்ணு பாஸா, இல்லியா?"

"பாஸு..."

"அப்புறம் இன்னாத்துக்குக் கத்துறீங்க? அந்தப் புளி மூட்டையைப் பிரிங்க. மூணாங்கிளாஸ் பாடத்துக்குக் கொட்டை எடுக்கணுமாம்."