முன்கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டு

காரின் முன்கண்ணாடியில் கல் தெறித்து மிளகளவு அடிபட்டால் அன்றைக்கே கண்ணாடிக் கடைக்குப் போய்விட வேண்டும். பசையை உள்ளே ஏற்றி அரை மணி நேரத்தில் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நாலு பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்கும் பள்ளிக்கூட வாத்தியார் நான் என்ன செய்தேன் தெரியுமா? அடிபட்ட இடத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டும் என்ன, என் அப்பா சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் சொல்வதில் கைச்சரக்கு ஜாஸ்தி. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

கார் அப்பாவுடையது. அரசாங்க ஜீப்பில் முப்பது வருடம் குலுங்கிவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு கடலூரில் அவர் வாங்கிய முதல் சொந்த வண்டி. அவருக்கு ஓட்டத் தெரியாது. தினமும் காலையில் துணியும் கையுமாக அதைச் சுற்றி வருவார். பேரப்பிள்ளைகள் தொட்டால்கூட, "கைய எடு, ரேகை படுது" என்பார். ஓட்டுவது நான். அவர் இடது பக்க முன்சீட்டில் உட்கார்ந்து பிரேக் போடுவார். (அதாவது, என் வேகம் பிடிக்காதபோதெல்லாம் காலால் தரையை ஓங்கி மிதிப்பார்.)

சித்திரை மாதம் ஒரு நாள் தனியாக ஆலப்பாக்கம் போய்த் திரும்பும்போது ஒரு ஜல்லி லாரியை ஒட்டிக்கொண்டே வந்தேன். லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போகிறவன் பயந்தாங்கொள்ளி என்று அப்போது எனக்கு ஒரு கொள்கை இருந்தது. 'டப்' என்றது. சரியாக அப்பாவின் மூக்குக்கு நேராக, கண்ணாடியில் ஒரு மிளகு.

"கடையில கொண்டுபோய்க் காட்டுங்க. இல்லன்னா மாமாகிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி மேகலா. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருந்தேன். வெளியே யாரோ புது வண்டிக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் பெரிதாகச் சந்தனம், நடுவில் குங்குமம். எனக்குள் பல்பு எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கோயில் சந்தனத்தைக் குழைத்து மிளகின்மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

"என்னாடா இது புதுசா?" என்றார் அப்பா.

"பெருமாள் கோயில் சந்தனம்பா. வண்டிக்கு நல்லது."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாப்பது வயசுலயாவது உனக்கு இதெல்லாம் தோணுச்சே" என்று சொல்லி, பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றிலிருந்து காரில் ஏறும்போதெல்லாம் அதற்கு ஒரு கும்பிடு போடாமல் உட்கார மாட்டார். எனக்குப் பக்கென்று இருக்கும்.

அடிபட்ட இடத்தில் ஈரமும் அழுக்கும் இறங்காமல் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்தால் போதும், கடைக்குப் போகிறவரை தாங்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நான் வாராவாரம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, புதுச் சந்தனத்தை விரலால் அழுத்தி அழுத்தி உள்ளே ஏற்றினேன். மூன்றாவது வாரம் கத்திரி வெயில் ஆரம்பித்தது. மத்தியானம் வாசலில் தகித்துக்கொண்டிருந்த கண்ணாடிமேல் ஒரு வாளி பச்சைத் தண்ணீரைச் சளேரென்று ஊற்றினேன். (அப்பா தூங்கி எழுவதற்குள் துடைத்து முடிக்க வேண்டுமே!) 'டிக்' என்று ஒரு சத்தம். பொட்டுக்குக் கீழிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் எட்டிப் பார்த்தது. வேறு வழி தெரியாமல் பொட்டை நாமமாக நீட்டினேன். அப்பாவின் பக்தி இன்னும் கூடியது.

மறுநாள் காலை, மஞ்சக்குப்பத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பஷீர் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவருக்கும் என் வயதுதான். ஒரு ஊசியை எடுத்து நாமத்தைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து சந்தனமும் குங்குமமும் வந்துகொண்டே இருந்தன.

"ஒரு ரூபா காசுக்குள்ள அடங்கற அடியா இருந்துச்சின்னா பெரும்பாலும் காப்பாத்திடலாம் சார். நீங்க உள்ள சந்தனத்த ஏத்தி வச்சிருக்கீங்க, பசை எங்க ஏறும்? இப்ப சாணுக்கு ஓடியும் போச்சி. மாத்தித்தான் ஆவணும்."

"மாத்துங்க பாய். எங்கப்பாவுக்குத் தெரியக் கூடாது."

"இன்சூரன்ஸ் இருக்கில்ல? மொதல்ல அவுங்களுக்குச் சொல்லுங்க. மாத்திட்டுச் சொன்னா ஒத்துக்க மாட்டாங்க."

இன்சூரன்ஸ் அப்பா பெயரில் இருக்கிறது, சொன்னால் குறுஞ்செய்தி அவர் போனுக்குத்தான் போகும் என்றேன். பாய் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "வண்டி உங்க வண்டிதானே சார்?" என்றார்.

பன்னிரண்டு மணிக்குப் புதுக் கண்ணாடி உட்கார்ந்தது. மேல் விளிம்பில் நீல டேப்பைப் பட்டை பட்டையாக ஒட்டினார். "பசை காயணும். நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்குங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. சிதம்பரத்திலிருந்து செந்தில் அண்ணன், என் பெரியப்பா மகன்.

"ரவி, ஆஸ்பத்திரில வீட்டுக்குக் கொண்டு போயிடுங்கன்னுட்டாங்கடா. அப்பா ஒரு மாதிரியா இருக்காரு. சித்தப்பாவப் பாக்கணும்ங்கிறாரு. எப்பிடியாவது கூட்டிக்கிட்டு வந்துடு."

அப்பாவும் பெரியப்பாவும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பெரியப்பா மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் பெயரைப் பெரியப்பாவின் மச்சான் பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் சண்டை. கூடப்பிறந்தவர்கள் இரண்டே பேர். நல்லது கெட்டது எதற்கும் ஒருவர் இருக்கும் இடத்துக்கு இன்னொருவர் வருவதில்லை.

வீட்டுக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார், மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். அப்பா எழுந்து வெள்ளைச் சட்டையைப் போட்டார்.

"வண்டி எங்கடா?"

"சர்வீஸுக்கு விட்டிருக்கேன்பா. வாடகைக் கார் ஒண்ணு சொல்லிடட்டுமா?"

"சொந்த வண்டி இருக்கையில வாடகை வண்டி எதுக்கு? எங்கண்ணன் என் வண்டிய இன்னும் பாக்கல. போய் எடுத்துக்கிட்டு வா."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "அப்பா, கண்ணாடிப் பசை காயவில்லை" என்று நாலு வார்த்தை. வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி நின்றுவிட்டுத் திரும்பக் கடைக்கு ஓடினேன்.

பாய் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தர மறுத்தார். "வேணாம் சார். முன்கண்ணாடின்றது சும்மா காத்த மறைக்கிற பலகை இல்ல. வண்டி கவுந்தா கூரையத் தாங்கறதுல அதுக்கும் பங்கு இருக்கு. ஏர்பேக் விரிஞ்சா அதுக்கு முதுகு குடுக்கறதும் இதான். பசை பச்சையா இருக்கு, பஸ்ல போங்க."

"எங்க பெரியப்பா சாகக் கெடக்கறாரு பாய்."

அதற்குமேல் அவர் என்ன செய்வார் பாவம். மெதுவாகப் போங்கள், டேப்பை எடுக்காதீர்கள், ஜன்னல் கண்ணாடியை நாலு விரல் இறக்கியே வையுங்கள், கதவை அடித்துச் சாத்தாதீர்கள், சாத்தினால் உள்ளே இருக்கும் காற்று போக வழியில்லாமல் கண்ணாடியைத்தான் தள்ளும் என்று மூன்று தடவை சொன்னார். தெருமுனை திரும்பியதும் நான் செய்த முதல் வேலை டேப்பை உரித்தது. (அப்பா கேட்பாரே!) இரண்டாவது வேலை, வண்டியில் கிடந்த பழைய சந்தனத்தை எச்சில் விரலால் தொட்டு, அதே இடத்தில் ஒரு நாமம் போட்டது. என்னை எதனால் அடித்தால் தகும்?

அப்பா ஏறினார், கும்பிட்டார். குடிகாட்டு ரசாயனக் கம்பெனிகளைத் தாண்டும்போது, "நாத்தம் குடலப் புடுங்குது, ஜன்னல ஏத்துடா" என்றார். ஏற்றினேன். வழியெல்லாம் அவர் தரையை மிதிக்கவே இல்லை. வேகமாகப் போ என்று முழங்காலை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். ஆலப்பாக்கத்தில் நிறுத்தச் சொன்னார். அண்ணனுக்கு இளநீர் என்றால் உயிர் என்று சொல்லி, தானே இறங்கி இரண்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கதவைச் சாத்தினார். ஜீப் கதவு சாத்திப் பழகிய கை. 'தொம்' என்றது. மேல் விளிம்பில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

"என்னாடா சத்தம் அது?"

"ஒண்ணுமில்லப்பா" என்று வண்டியை எடுத்தேன். காற்று உள்ளே புகுந்து விசில் அடித்தது. புதுச்சத்திரத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. அதில் வண்டி குதித்ததும் மேல் பக்கம் முழுக்கப் பெயர்ந்து, கண்ணாடி எங்களை நோக்கி ஒரு சலாம் போட்டுவிட்டு முன்னால் சரிந்தது. ஓரங்கட்டி, குதித்து இறங்கி, தரையில் விழாமல் தாங்கிப் பிடித்தேன். கையெல்லாம் கறுப்புப் பசை.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? லாரியிலிருந்து ஆரம்பித்து நாமம்வரை எல்லாவற்றையும் அந்த வெயிலில் நின்றபடி கொட்டினேன். அப்பா முழுக்கக் கேட்டார்.

"அப்ப மூணு வாரமா நான் கும்பிட்டது கல்லடி பட்ட ஓட்டையவா?"

அவர் போன் அடித்தது. அந்தப் பக்கம் செந்தில் அண்ணன் பேசியது எனக்கும் கேட்டது. "சித்தப்பா, எங்க இருக்கீங்க? வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு."

அப்பாவின் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுபது வயது மனிதர், இரண்டு இளநீரையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நடுரோட்டுக்கு வந்து ஒற்றைக் கையை நீட்டினார். அடித்துப் பிடித்துக்கொண்டு வந்த சிதம்பரம் பஸ் அவர் காலடியில் நின்றது.

"அப்பா, நானும் வரேம்பா."

"நீ அதப் புடிச்சிக்கிட்டு நில்லு. உட்டா ஒடைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

நின்றேன். கீழே வைத்தால் சாலையோரச் சரளையில் நொறுங்கும், திறந்து கிடக்கும் வண்டியை விட்டுப் போகவும் முடியாது. பாய்க்குப் போன் செய்து வரச் சொல்லிவிட்டு, கண்ணாடியை வண்டிமேல் சாய்த்து, கட்டிப்பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றேன். மீன் கூடையோடு போன அம்மா ஒருத்தி, "என்னா தம்பி, வித்துக்கினு நிக்கிறியா?" என்று கேட்டாள். பைக்கில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி நிஜமாகவே விலை கேட்டார். அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

பாய் வந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீங்க ஓடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார். நான் பஸ் ஏறி, சிதம்பரம் வடக்கு வீதியில் பெரியப்பா வீட்டுக்கு ஓடிப்போனபோது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளே பெரியம்மாவின் அழுகை கேட்டது. பெரியப்பா போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

நடந்ததைச் செந்தில் அண்ணன்தான் சொன்னார். அப்பா உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றிருக்கிறார். ஒன்பது வருடத்தை எந்த முனையிலிருந்து பிரிப்பது? கடைசியில் பெரியப்பாதான், வேர்வையில் நனைந்திருந்த சட்டையைப் பார்த்து, "எதுல வந்த?" என்றாராம்.

"பஸ்லண்ணே."

"காரு வாங்கியிருக்கன்னாங்களே?"

அவ்வளவுதான். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். லாரி, பொட்டு, வாளித் தண்ணீர், நாமம், இப்போது ரோட்டில் கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் நான். பெரியப்பா சிரித்தாராம். மூச்சுக்கே திணறுகிற மனிதர், தோள் குலுங்கச் சிரித்தாராம். "ஓட்டையவாடா கும்பிட்ட? இன்னொருக்கா சொல்லு" என்று திரும்பக் கேட்டு வாங்கிச் சிரித்தாராம். பிறகு அப்பா கையால் இரண்டு மடக்கு இளநீர் குடித்தார். பத்திரிகையைப் பற்றி இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. தம்பியின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

காரியம் முடிந்த பதினாறாம் நாளே இந்தக் கதை பந்தியில் பரிமாறப்பட்டது. இப்போது வருடா வருடம் பெரியப்பா திவசத்தன்று, சாப்பிட்டுக் கை கழுவியதும் எல்லோரும் அப்பாவைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு மனப்பாடம். "தாத்தா, நாமம் வரைக்கும் வந்தாச்சு, அப்பறம்?" என்று எடுத்துக் கொடுப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பெரியப்பாவை அப்படியே சிரித்துக் காட்டுவார் அப்பா. அன்றைக்குப் புறப்பட்டும் அந்தச் சிரிப்பை நேரில் பார்க்காதவன் நான் ஒருத்தன்தான். எனக்கு எவ்வளவு வலிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. அப்பா சிரித்துக் காட்டும்போது மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்வேன்.

இந்த வருடம் கதை ஆலப்பாக்கம் வருவதற்குள்ளேயே அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். நான் எழுந்துபோய் முதுகைத் தடவி, "போதும்பா. எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே" என்றேன்.

அப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

"இருடா. இன்னும் பஸ்ஸே வரல" என்றார்.