மாப்பிள்ளை வார்த்த குண்டு

கிரேன் தூக்கியபோது குண்டு மட்டும் மேலே வந்தது. அதன் இரண்டு இறக்கைகளும் அச்சுக்குள்ளேயே தங்கிவிட்டன.

மாப்பிள்ளை அண்ணாந்து குண்டைப் பார்த்தார். குனிந்து இறக்கைகளைப் பார்த்தார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே இருந்துச்சு?"

"இங்கயும் நல்லாத்தான் இருந்துச்சு, தூக்குற வரைக்கும்" என்றார் ஈயம் ஊற்றிய வார்ப்புக்காரர்.

அது பந்தயப் பாய்மரப் படகு கட்டும் பட்டறை. முதலாளி மாப்பிள்ளைக்கு மாமனார். அவர் வாய் நிறைய "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிடப் போக, பெயிண்டரிலிருந்து கிரேன் ஓட்டுபவர் வரை அத்தனை பேருக்கும் இவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். படகை உரசிக்கொண்டு தண்ணீர் எப்படிப் போகிறது என்பதைப் பற்றிப் பெரிய படிப்பெல்லாம் படித்தவர். அந்தப் படிப்பைப் பார்த்துத்தான் பெண்ணையே கொடுத்தார்கள். ஆனால் அவர் வரைந்த ஒரு சாமான்கூட இதுவரை தண்ணீரைத் தொட்டதில்லை.

குண்டு என்றால் பயப்பட வேண்டாம். பந்தயப் படகின் அடியில், மீனுக்குச் செட்டை இருப்பதுபோல, ஓர் இரும்புப் பலகை தொங்கும். அதன் நுனியில் ஈயத்தால் ஒரு பெரிய குண்டு இருக்கும், சில குண்டுகளுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இறக்கையும் வைப்பார்கள். காற்று பாயைத் தள்ளும்போது படகு குப்புற விழாமல் பிடித்துக்கொள்வது அந்தக் கனம்தான். அதன் வடிவம் சரியாக அமைந்தால் படகு பறக்கும், அமையாவிட்டால் தண்ணீரை இழுத்துக்கொண்டு தவழும். ஆகவே இந்தத் தொழிலில் ஒருவருக்குப் பேர் வருவதும் போவதும் குண்டால்தான்.

மாமாவுக்கு அந்தப் பேர் இருந்தது. அவர் இளவயதில் வரைந்து வார்த்தது என்று ஒரு குண்டு. படகுகள் பழசாகிப் புதுசு வந்தாலும், அதே குண்டைக் கழற்றி, துணி போட்டு மூடி, அடுத்த படகில் மாட்டுவார்கள். வரவேற்பறை அலமாரி முழுக்கக் கோப்பைகள். அப்படிப்பட்ட மாமாதான் இந்த முறை மனம் இறங்கினார்.

"இந்தப் பந்தயம் உங்க குண்டுல ஓடட்டும் மாப்பிள்ளை. ஜெயிச்சா டிசைன் ரூம் சாவி உங்க கையில. தோத்தா, சகலைக்கு ஒத்தாசையா அன்னப் படகுப் பக்கம் போயிடுங்க."

அன்னப் படகு என்பது பூங்காக் குளங்களில் குழந்தைகள் மிதித்து ஓட்டும் பிளாஸ்டிக் அன்னம். பட்டறையின் பின்கட்டில் அதைச் செய்துகொண்டிருந்தவர் மூத்த மருமகன். வருடக்கணக்காக அன்னத்துக்குக் கழுத்து ஒட்டி ஒட்டி அவருடைய கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதை நினைத்ததும் மாப்பிள்ளை தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னொண்ணு வார்க்க எவ்வளவு நாள் ஆகும்?"

"பந்தயம் முடிஞ்சுடும் மாப்பிள்ளை."

மாப்பிள்ளை யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம். அன்றே வார்ப்புக்காரரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கிடங்கிலிருந்த மாமாவின் பழைய குண்டை எடுத்து வந்து படகில் மாட்டினார். பெரிய துணியால் படகின் கீழ்ப்பாதியைச் சுற்றிக் கட்டினார். இதில் யாரும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. எதிரி பார்த்துக் காப்பியடிக்கக் கூடாதென்று குண்டைத் துணி போட்டு மூடுவது இந்தத் தொழிலில் சகஜம்.

சாயங்காலம் மாமா வந்தார்.

"அட, அதுக்குள்ள பாவாடை கட்டிட்டீங்களா?"

"ரகசியம் மாமா. நீங்க பாக்கணும்னா..." மாப்பிள்ளை துணியின் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மாமா இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். "வேண்டவே வேண்டாம்! எனக்கு வாய் நிக்காது. பந்தயம் முடியறவரைக்கும் எனக்கே காட்டாதீங்க!"

அப்பாடா என்றிருந்தது. ஆனால் மாமாவுக்கு வாய் நிற்காது என்பது வெறும் பேச்சு இல்லை. இரவுக்குள் படகு மன்றம் முழுக்க, முடி வெட்டும் கடை முழுக்க, ஒரே சேதி. "மாமனாருக்கே காட்டலியாம்யா! அப்படி என்னத்தைத்தான் செஞ்சு வச்சிருக்காரு?"

மறுநாள் காலையில் எதிர்ப் பட்டறைக் கூரைமேல் ஓர் ஆள் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தான். மதியம் கேமரா கட்டிய குட்டி விமானம் ஒன்று தலைக்குமேல் வட்டமடித்தது. மாமா ஆத்திரத்தில் இரண்டாவது துணி போடச் சொன்னார். அதன்மேல் தார்ப்பாய், தார்ப்பாயைச் சுற்றி வேலி, வேலிக்கு ஒரு காவலாளி. காவலாளி தன் வேலையில் கெட்டிக்காரர், மாப்பிள்ளையையே உள்ளே விடவில்லை.

"நான்தான்யா இதை டிசைன் பண்ணவன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க சார்" என்றார் காவலாளி.

இறக்கை போன தன் குண்டைப் பழைய குண்டு இருந்த இடத்தில் வைத்தாயிற்று. உடைந்த இறக்கைகளை எங்கே வைப்பது? பட்டறையில் வைத்தால் யார் கண்ணிலாவது படும். காரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், மூச்சு வாங்க இழுத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிப் போர்வையால் மூடினார். பெருக்க வந்த மனைவியின் துடைப்பம் அதில் போய் முட்டியது.

"என்னங்க இது?"

"தொழில் விஷயம். ரகசியம்."

"எங்கிட்டக்கூடவா?"

"உங்கப்பாகிட்ட நீ எதையாவது மறைச்சிருக்கியா?"

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் இப்படிப் போனதில்லை. அன்றைக்கு மாப்பிள்ளைக்கு அன்னப் படகைவிட அந்தக் காலித் தலையணை இடம்தான் அதிகம் வலித்தது. போதும் இந்த நாடகம், பேச்சை இப்போதே அமுக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அமுக்கத் தெரிந்த வழி உண்மையைச் சொல்வது. துறைமுகக் கேன்டீனில் எதிர்ப் பட்டறைக்குப் பாய் தைப்பவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வீணா மண்டையை உடைச்சுக்காதீங்க. துணிக்குள்ள புதுசா ஒண்ணுமே இல்லை."

பாய் தைப்பவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். சாயங்காலத்துக்குள் புதுச் சேதி கிளம்பிவிட்டது.

"துணிக்குள்ள ஒண்ணுமே இல்லியாம்! குண்டே இல்லாம படகை நிக்க வைக்கிறாராம் மாப்பிள்ளை!"

இனி வேற்றாளிடம் சொல்லிப் பயனில்லை, சொந்தக்காரரிடமாவது சொல்லி ஆறுதல் தேடலாம் என்று சகலையிடம் போனார். சகலை ஓர் அன்னத்துக்குக் கண் வரைந்துகொண்டிருந்தார்.

"சகலை, உள்ள இருக்கறது மாமாவோட பழைய குண்டுதான். என்னோடது உடைஞ்சு போச்சு."

தூரிகை நின்றது. "யாருக்குக் காது குத்தறீங்க? சொல்ல இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லிடுங்க. அன்னத்துக்குக் கண்ணு வரையறவன்தானே, இவனுக்கு எதுக்கு பெரிய விஷயம்னு நெனச்சுட்டீங்க. பரவால்ல."

மாப்பிள்ளை சத்தியம் செய்யப் போனார். சகலை முகத்தைத் திருப்பிக்கொண்டு அன்னத்தின் இன்னொரு கண்ணை வரைய ஆரம்பித்தார்.

பந்தயத்துக்கு முதல் நாள் அளவு அதிகாரி வந்தார். எல்லாப் படகையும் அளந்து பார்த்து, விதிப்படி இருக்கிறதா என்று சொல்பவர். அவரை மட்டும் துணிக்குள் விட்டே ஆகவேண்டும். அவர் நாடாவோடு உள்ளே நுழைந்தார். வெளியே ஊரே கூடி நின்றது. மாப்பிள்ளை தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டார்.

அதிகாரி வெளியே வந்தார். உள்ளே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்களுக்குக் கட்டளை. அவர் மாப்பிள்ளையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"பாத்தீங்களா! பேச்சே வரலை அவருக்கு!" என்று மாமா குதித்தார்.

தன் படகை அளக்கும் முறைக்காகக் காத்திருந்த எதிர்ப் பட்டறை முதலாளி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சற்று நேரத்தில் அவர்களுடைய கொட்டகையிலிருந்து ரம்பம் அறுக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

பந்தயத்தன்று நல்ல காற்று. இத்தனை வருஷமும் மாமாவை நிழல்போல விரட்டி வந்த எதிர்ப் பட்டறைப் படகு, முதல் திருப்பத்திலேயே ஒருபக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவே இல்லை. மாப்பிள்ளை குண்டே இல்லாமல் ஓட்டுகிறார் என்று நம்பி, அவர்கள் தங்கள் குண்டில் பாதியை அறுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களுடைய பாய் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு போக, மாப்பிள்ளையின் படகு ஒய்யாரமாக முதலில் வந்து சேர்ந்தது.

கரை கிடுகிடுத்தது. மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"ஜெயிச்சுட்டீங்க மாப்பிள்ளை! என் குண்டு என்னைக்கு இப்படி ஓடிச்சு? அதெல்லாம் ஒரு குண்டா? இந்தாங்க டிசைன் ரூம் சாவி. நான் இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

சாவி மாப்பிள்ளையின் உள்ளங்கையில் கிடந்தது. இதற்காகத்தான் இத்தனை பாடும். ஆனால் அந்த மனுஷர் தன் வாழ்நாள் பெருமையைத் தானே மட்டம் தட்டிக்கொண்டு அழுவதைப் பார்க்க மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. சகலையும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களில் இவர் ஒருவர்தான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் மாமா கிரேனைப் பார்த்துக் கையசைத்தார். "தூக்குப்பா! இனிமே என்ன ரகசியம்? என் மாப்பிள்ளை செஞ்ச குண்டை ஊரே பாக்கட்டும்!"

கிரேன் முனகியது. படகு தண்ணீரிலிருந்து கிளம்பத் தொடங்கியது. இரும்புப் பலகையின் மேல்பகுதி தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை சாவியை மாமாவின் கையில் திருப்பித் திணித்தார். "மாமா, என்னை மன்னிச்சிடுங்க. நான் வார்த்தது அச்சுலயே உடைஞ்சு போச்சு. இதுல மாட்டியிருக்கறது உங்க பழைய குண்டு. ஜெயிச்சது நான் இல்லை மாமா, நீங்கதான். என்னை அன்னப் படகுக்கே அனுப்பிடுங்க."

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் மாமா பேயறைந்தவர்போல நின்றார்.

"என்ன சொன்னீங்க? கிடங்குல இருந்ததா? அந்தக் குண்டா?"

"ஆமா மாமா."

"மெதுவாப் பேசுங்க!" மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வேட்டையில் சிக்கியவர்போலக் கிரேனைப் பார்த்துக் கத்தினார். "நிறுத்துய்யா! இறக்கு, இறக்கு! அந்தத் துணியைக் கொண்டாங்க சீக்கிரம்!"

கூட்டத்தின் இரைச்சலில் கிரேன் ஓட்டுபவருக்குக் காது கேட்கவில்லை. குண்டு தண்ணீரைச் சொட்டிக்கொண்டு, வெயிலில் பளபளவென்று, எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றது.

மாப்பிள்ளை திரும்பினார். பின்னால் மனைவி நின்றிருந்தாள். பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள் என்று அவள் முகமே சொன்னது. அவள் பக்கத்தில் நின்ற மாமியார், அந்தக் குண்டையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் தோளில் கையைப் போட்டார்.

"கோவிச்சுக்காதேடி, உங்கப்பாவும் இந்தப் பட்டறைக்கு மாப்பிள்ளையா வந்த வருஷம், அவர் வார்த்தது ரெண்டா உடைஞ்சதும் எங்கப்பா வார்த்த இதே குண்டை மாட்டி, எனக்குக்கூடக் காட்டாம துணி போட்டு மூடினவர்தான்."