அரை அட்டை வைத்தியர்

ரமணி வெந்நீரில் உப்புப் போட்டுக் கணவரின் கெண்டைக்காலைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். கால் அவள் மடியில். கைப்பேசி அவர் கையில். அதில் ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. இப்படி ஒரு காட்சியை எங்கே பார்த்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்: காலை நீட்டியிருப்பவர் அரை அட்டை வைத்தியர்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் மலையில் அவர் பெயர் சுகுமாரன். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிராணி. இங்கே அட்டை இரண்டு வகை. மழை விட்டதும் காலில் போட்ட சப்பாத்துக்குள் ஏறி ரத்தம் குடிப்பது ஒன்று, மாத்திரை அடுக்கி வருவது இன்னொன்று. இரண்டையும் பாதியில் பிய்த்து எறியக் கூடாது. சுகுமாரன் இரண்டையும் பிய்த்தார். முதல் அட்டையைப் பிய்த்த இடத்தைச் சொறிந்து சொறிந்து சீழ் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் இரண்டாவது அட்டையைக் கொடுத்தார்கள். வலி குறைந்ததும் அதையும் நிறுத்தி, மிச்சத்தை மைலோ டின்னில் போட்டு, எதிர்வீட்டுக் காளிமுத்து இருமியபோது பெரிய மனது பண்ணி எடுத்துக் கொடுத்தார். மனிதர் தாராளம். பாதி அடி வாங்கித் தப்பித்த கிருமிகளுக்கும் தாராளம்தான். புண் மறுபடி சிவந்தது.

"பாரு ரமணி, இந்த முதலை சாக்கடையில கெடக்குது, ஒண்ண ஒண்ணு கடிச்சு ரணமாக்குது. சீழ் வைக்குதா? அது ரத்தத்துல என்னமோ இருக்குலா. எந்த மருந்துக்கும் சாகாத கிருமியக்கூட ஓட்ட போட்டுக் கொல்லுதாம்."

"மனுசனுக்குக் குடுத்துப் பாத்தாங்களா?"

"ஆராய்ச்சி நடக்குது. இப்போதைக்கு எலிக்கு..."

"அப்ப எலி பொழைச்சுக்கும். நீங்க காலத் திருப்புங்க."

செய்தி என்னவோ நல்ல செய்திதான். ஊர்வனவற்றின் உடம்பிலிருந்து நாளைக்குப் புது மருந்து பிறக்கலாம். ஆனால் "பிறக்கலாம்" என்று எழுதியிருந்தால் நம் வைத்தியர் "பிறந்தாச்சு" என்று படிப்பார். முதலைக்கு மலையில் எங்கே போவது? உடும்பு அதற்குச் சித்தப்பா மகன் முறைதானே என்று பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒருவரிடம் உடும்பு எண்ணெய் வாங்கிப் பூசினார். சிவப்பு முழங்கால்வரை ஏறியது. காய்ச்சலும் வந்தது.

ரமணி வாதாடவில்லை. காரில் ஏற்றித் தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரியில் இறக்கினாள்.

"போன தடவ குடுத்த மாத்திரைய முடிச்சீங்களா, அங்கிள்?" என்றார் டாக்டர் ஹஃபீசா.

"முடிஞ்சிருச்சு டாக்டர்."

இந்த இனத்தை அடையாளம் காண இந்த ஒரு சொல் போதும். முடித்தீர்களா என்றால் முடிந்துவிட்டது என்பார்கள். பொய்யா? இல்லை. யார் முடித்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

"அவரு முடிக்கல டாக்டர்," என்றாள் ரமணி. "பாதிய எதிர்வீட்டு இருமல் முடிச்சிருச்சு. அதத் தெரிஞ்சுகிட்டு மருந்து எழுதுங்க."

டாக்டர் சீழைப் பரிசோதனைக்கு எடுத்தார். "இந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கேக்குதுன்னு பாக்கணும். எதுக்கும் கேக்கலன்னா காலுக்கே ஆபத்து."

சுகுமாரனின் முகம் வெளுத்தது. ஆனாலும் இனம் இனம்தானே?

"முதலை ஊசி ஏதாச்சும் வந்திருக்கா டாக்டர்?"

"வந்தா மொதல்ல ஒங்களுக்குத்தான் அங்கிள். ஆனா அதையும் பாதியில நிறுத்திருவீங்களே!"

நல்லவேளை, பெரிய ஊசி ஒன்றுக்குக் கிருமி கேட்டது. கால் தப்பியது. வீட்டுக்கு வந்தபோது கையில் புது அட்டை. கடைசி மாத்திரை தொண்டைக்குள் இறங்கும்வரை ரமணி வேளைதோறும் எதிரே நின்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். முதலைகூட அவ்வளவு பெரிதாகத் திறக்காது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சுகுமாரன் கெட்டவரில்லை, நம்மைப் போல, உடம்பு தேறியதும் டாக்டரைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்று நினைப்பவர். அதிருக்கட்டும், உங்கள் குளிர்பெட்டிக் கதவில், ஊறுகாய்க்குப் பக்கத்தில், பாதி காலியான மருந்து ஒன்று நிற்கிறதே, அது யாருக்காகக் காத்திருக்கிறது?

உங்களைத்தான் கேட்கிறேன். என்ன இது, பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து அடுப்படிப் பக்கம் போகிறீர்கள்?