ஐந்தாம் கியரை விட்டு இறங்காதவர்

ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாத ஓர் இனத்தை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர், ஐந்தாம் கியர்க்காரர். தில்லியில் எந்தக் காலனியிலும் கிடைப்பார் என்றாலும், மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்களிடம் இந்த ரகம் கொஞ்சம் உசத்தி.

மயூர் விஹார் சேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அசிஸ்டெண்டாகச் சேர்ந்து, இருபத்தெட்டு வருஷம் ஃபைல் தள்ளி, செக்‌ஷன் ஆபீசராகி, இப்போது அண்டர் செகரட்டரி நாற்காலியில் வெள்ளைத் துண்டு விரித்து உட்கார்ந்திருப்பவர். கல்யாண வீட்டில் முன் வரிசையில் அமர்ந்துவிட்டால், மாப்பிள்ளையின் தாத்தாவே வந்து நின்றாலும் பின் வரிசைக்கு நகரமாட்டார். காரிலும் அதே சர்வீஸ் ரூல்ஸ்தான். காலனி கேட்டில் முதல் கியர். பால் பூத் வருவதற்குள் ஐந்தாவது. அதோடு சரி. மறுபடி நாலுக்கோ மூன்றுக்கோ வருவது பதவி இறக்கம். ஏதோ தப்பு செய்தவனுக்கு அல்லவா அது? ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும்போது மனிதர் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க வேண்டுமே!

"டாப்புல போனாத்தான் பெட்ரோல் மிச்சம். பலமும் அதுலதான்." வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்னால் கிடைப்பது இந்த உபதேசம்.

பாதி சரி. பாதி அபத்தம். மெக்கானிக் பல்பீர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! நாலாவது கியரில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால், கியர்பெட்டியிலிருந்து வெளியே போகும் தண்டும் ஏறக்குறைய ஒரு சுற்று. ஐந்தாவதில் எஞ்சினைவிடத் தண்டு அதிகமாகச் சுற்றும். அதுதான் ஓவர்டிரைவ். நீண்ட சாலையில் வண்டி நல்ல ஓட்டத்தில் இருக்கும்போது, எஞ்சின் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று கொடுத்த சலுகை. இழுக்கிற பலம் எல்லாவற்றையும்விட அதில்தான் குறைவு.

"அது ஆராம் கியர், ஸாப், ஓய்வுக்கு. மேடு வந்தா மூணாவதுதான் வேலை செய்யும்," என்றார் பல்பீர் தன் பஞ்சாபி வாசனை வீசும் இந்தியில்.

உச்சியில் இருப்பவனுக்குப் பலம் கிடையாது, நடுவில் இருப்பவன்தான் சுமையை இழுக்கிறான் என்று ஓர் அண்டர் செகரட்டரியிடம் சொல்லலாமா? சேஷன் மெக்கானிக்கை மாற்றிவிட்டார்.

போன திங்கட்கிழமை அவர் மனைவி வைதேஹிக்கு ஜனக்புரியில் இண்டர்வியூ. கணக்கு டீச்சர் வேலை. சரியாகப் பத்து மணி. பிந்தினால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பதினாறு வருஷத்துக்கு முன் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்தபோது விட்ட உத்தியோகம். பழுப்பேறிய சர்டிஃபிகேட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மெட்ரோல போயிடறேன்னா."

"உனக்காக லீவு போட்டிருக்கேன்டி!"

தியாகம்! யாரால் தட்ட முடியும்?

மூல்சந்த் மேம்பாலம். முன்னால் ஒரு பஸ் ஊர்ந்து ஏறுகிறது. பின்னால் நம் கார், ஐந்தாம் கியரில். எஞ்சின் முதலில் முனகியது, பிறகு விசும்பியது, பிறகு உடம்பெல்லாம் குலுங்க விக்கி விக்கி அழுதது.

"ஏன்னா, கியரை இறக்குங்கோ."

"டாப்புல இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"இறக்குங்கோன்னுதானே சொல்றேன்? மணி ஒன்பதே கால்."

"பதட்டப்படாதே. இண்டர்வியூல இதைத்தான் முதல்ல பார்ப்பா."

கார் நின்றது. நட்டநடுப் பாலத்தில். பின்னால் ஹார்ன்களின் பிரளயம். ஓர் ஆட்டோக்காரன் தலையை நீட்டி, "அங்கிள்ஜி, தூக்கமா?" என்று இந்தியில் விசாரித்தான்.

"பெட்ரோல்ல கலப்படம்," என்றார் சேஷன்.

வைதேஹி சர்டிஃபிகேட் உறையை டாஷ்போர்டின் மேல் வைத்தாள். இறங்கினாள். சுற்றிவந்து அவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்கோ."

"ஏத்தத்துல உனக்கு..."

"கியர்தான் இறங்கலை. நீங்களாவது இறங்குங்கோ."

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றிலேயே பாலத்தை ஏறி, பஸ்ஸைத் தாண்டினாள். தௌலா குவான் கடந்து சாலை விரிந்ததும் ஐந்துக்குப் போனாள்; நெரிசல் தெரிந்ததும் யாரிடமும் அனுமதி கேட்காமல் கீழே வந்தாள். மானம் ஒன்றும் போய்விடவில்லை. பத்துக்கு நாலு நிமிஷம் இருக்கையில் பள்ளி வாசல். பதினொன்றரைக்கு வேலை அவளுடையது.

வாசலில் சேஷன் ஆபீஸ் நண்பரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்: "ஆமாம்பா, அவளேதான் ஓட்டினா. பாதி வழியில நான்தான் ஸ்டியரிங்கைக் குடுத்தேன். ஒரு தைரியம் வரட்டுமேன்னு."

பெயர்களை மட்டும் மாற்றி, இதை சேஷனிடமே வாசித்துக் காட்டினேன். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே என் மைத்துனன் ஜெயராம்! இவனுக்கெல்லாம் என்னிக்குப் புத்தி வரப்போறதோ!" என்றார்.

நீங்களும் சிரித்துக்கொண்டுதானே படித்தீர்கள்? யாரை நினைத்து?