இந்த அழைப்பு என்னால் பதிவு செய்யப்படுகிறது

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனி எந்தக் கஸ்டமர் கேரும் என்னை ஏமாற்ற முடியாது. அவர்கள் பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்யப்போகிறேன். அவர்கள் மட்டும் செய்யலாமா? போன் போட்டதும், "தரத்தை மேம்படுத்த இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்" என்று ஒரு குரல் தேனாக வழிகிறது. இத்தனை வருடமாகப் பதிவு செய்தும் தரம் இருந்த இடத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறது. சரி, நான் ஒருதடவை முயன்று பார்க்கிறேன்.

விவகாரம், வாஷிங் மெஷின். வாரண்டி இன்னும் முடியவில்லை. அதற்குள் மேல்மூடி இரண்டாகப் பிளந்துவிட்டது. "தயாரிப்புக் கோளாறு" என்று முதலில் கண்டுபிடித்து அறிவித்தவன் நான்தான்.

உங்களிடம் மறைப்பானேன்? அந்த மூடிமேல் ஏறி நின்றவனும் நான்தான். மெஷினுக்கு நேர் மேலே பரண். பரணில் துணிமூட்டைக்குப் பின்னால் ஒரு டப்பா. டப்பாவுக்குள் கிரீம் பிஸ்கட். எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் அதற்குத் தடை போட்டார். டாக்டர் போட்டதோடு மறந்துவிட்டார், என் மனைவி மறக்கவில்லை. நாற்காலியை இழுத்தால் சத்தம் கேட்கும். மெஷின் பாவம், வாயில்லா ஜீவன். பல நாள் சுமந்தது, ஒருநாள் முடியவில்லை.

இது அவளுக்குத் தெரிந்தால் பிஸ்கட் போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் இனி நான் எந்த விஷயத்தில் வாயைத் திறந்தாலும், "மெஷின் மேல ஏறி நின்னவர்தானே நீங்க" என்று ஆயுள் முழுக்க ஓடும். அதனால் நான் சொன்ன பொய்யை நானே முழுமனதாக நம்பி, கம்பெனிமேல் கொதித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, கம்பெனிக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணிட்டேன். ஆள் அனுப்பறாங்களாம்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரமும் அவங்க இதையேதான் சொன்னாங்க."

"அதைச் சொல்லிக் கேக்கறதுதானே?"

"கேட்டேன். அப்படி யாருமே சொல்லலைங்கறாங்க."

"சொன்னதுக்கு ஆதாரம் வச்சிருக்கீங்களா?"

"போன்ல பேசினதுக்கு ஏது ஆதாரம்?"

"அவங்க வச்சிருப்பாங்க. நீங்க வாயை மட்டும்தான் வச்சிருக்கீங்க."

இதுதான் என் ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. அடுத்த தடவை பதிவு செய்தே காட்டுகிறேன் என்று அவளிடமே சபதம் போட்டேன். இருந்தாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு வக்கீலைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவருக்குக் கோர்ட்டைவிட எங்கள் சோபாவில்தான் வேலை அதிகம்.

"சார், கஸ்டமர் கேர்ல பேசறதை நான் ரெக்கார்டு பண்ணலாமா?"

"ஊருக்கு ஊர் சட்டம் மாறும் சார். சில இடத்துல பேசறவங்கள்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும். சில இடத்துல எல்லாருக்கும் தெரியணும். எதுக்கு வம்பு? சொல்லிட்டே பண்ணுங்க."

"சொன்னா உஷாராயிடுவாங்களே."

"ஆகட்டுமே. உஷாரா இருந்தாலாவது வேலை நடக்குதான்னு பார்ப்போம். ஆனா ஒண்ணு. பதிவை நடுவுல வெட்டாதீங்க. ஒரு இருமலை வெட்டினாக்கூட, இன்னும் எதையெல்லாம் வெட்டினீங்கன்னு கேப்பாங்க. முழுசா குடுத்தாத்தான் மதிப்பு."

மனைவி மொட்டை மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள். கையால் துவைத்த துணி. யார் கையால் என்று கேட்காதீர்கள். நல்ல சமயம் என்று ஸ்பீக்கரைப் போட்டேன். பதிவையும் ஓடவிட்டேன்.

"வணக்கம் சார். தரத்தை மேம்படுத்த இந்த அழைப்பு..."

"பதிவு செய்யப்படும். தெரியும்மா. இந்த அழைப்பு என்னாலயும் பதிவு செய்யப்படுது. உங்க தரத்தை மேம்படுத்த."

அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்திருந்த பதில்களில் இதற்குப் பதில் இல்லை போலிருக்கிறது.

"சார்... நீங்க பண்ணலாமான்னு மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு வரேன். லைன்லயே இருங்க."

இசை ஆரம்பித்தது. ஊரையே பதிவு செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு ஆள் திருப்பிச் செய்ததும் மேலதிகாரி தேவைப்படுகிறார். எனக்கு மார்பு விம்மியது. வக்கீல் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

"சார், நிஜமா எப்படி உடைஞ்சுது? எங்கிட்ட சொல்லலாம்."

மனைவி மாடியில். கம்பெனி இசையில். ஒரு வெற்றி வீரனுக்கு இதைவிட நல்ல சபை கிடைக்குமா? சொன்னேன். பரண், டப்பா, கிரீம், மூடி உடைந்த சத்தம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். வக்கீல் சோபாவிலிருந்து நழுவும்வரை சிரித்தார்.

இசை நின்றது. "காத்திருந்ததுக்கு நன்றி சார். மூடியை இலவசமாவே மாத்தித் தர்றோம்."

போனை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். வக்கீல் மட்டும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"சார், அந்தப் பதிவுல அவங்க வாக்குறுதி இருக்கு."

"அதுக்குத்தானே பண்ணினேன்."

"உங்க வாக்குமூலமும் இருக்கு."

"நடுவுல வெட்டிட்டா?"

"பதிவு செல்லாது."

"வெட்டலைன்னா?"

"நீங்க செல்ல மாட்டீங்க."

அழித்துவிட்டேன். விரலை அங்கிருந்து எடுக்கும்முன் மனைவி காலி வாளியோடு வந்து நின்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"மூடியை இலவசமா மாத்தறாங்களாம்."

"ரெக்கார்டு பண்ணீங்கல்ல? போடுங்க, கேப்போம்."

"அது... அழிஞ்சுபோச்சு."

"தானாவா?"

"தானாதான்."

வக்கீலுக்குக் கோர்ட்டில் அவசர வேலை ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பது மறந்துவிட்டது.

"பரவாயில்ல," என்றாள் மனைவி. "அவங்ககிட்ட ஒரு பதிவு இருக்குமே. நான் கேட்டுப் பாக்கறேன்."

போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர்கள் இசை போட்ட நேரத்திலும் பதிவு ஓடியிருக்குமோ? ஓடியிருக்கும். அவர்களா நிறுத்துவார்கள்? உள்ளே இவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. உண்மையாகவே பயந்தேன்.

வெளியே வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"பேசிட்டேன்."

"என்ன... என்ன சொன்னாங்க?"

"அது இருக்கட்டும். நீங்க ஏதாவது சொல்லணுமா?"

நாமாகச் சொன்னால் தண்டனை குறையும் என்று ஒரு நப்பாசை.

"மூடி மேல ஏறி நின்னது நான்தான்."

"ம்."

"பரண்ல பிஸ்கட் டப்பா வச்சிருக்கேன். அதை எடுக்கத்தான்."

"ம். வேற?"

கஸ்டமர் கேரில் முடிக்கும்போது வேறு உதவி வேண்டுமா என்று கேட்பார்களே, அதே குரல். அந்தக் குரலுக்கு என் வாய் தானாகத் திறந்தது.

"உங்கண்ணன் கூப்பிடும்போதெல்லாம் டவர் இல்லைம்பேனே. டவர் இருந்துச்சு."

"வேற?"

"நீ எடுத்துக் குடுத்த கோடு போட்ட சட்டை தொலையல. வக்கீலுக்குக் குடுத்துட்டேன்."

"தெரியும். இப்ப அதைப் போட்டுக்கிட்டுத்தானே உக்காந்திருந்தார்."

சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. "அந்தப் பதிவுல எல்லாமே தெளிவா இருந்துதா?" என்றேன் ஈனசுரத்தில்.

"எந்தப் பதிவு? அதெல்லாம் வெளியில தரமாட்டாங்களாம். அவங்க சட்டத்துல இடமில்லையாம்."

"அப்ப இவ்வளவு நேரம் என்ன பேசினே?"

"என் வீட்டுக்காரர் ஏறி நின்னு உடைச்சாருன்னு உண்மையைச் சொன்னேன். உங்க வீட்லயுமான்னு கேட்டு அந்தப் பொண்ணு சிரிச்சா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூடி மேல உங்க கால் தடம் இருந்துச்சே. நான்தான் துடைச்சேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா இத்தனை நாள் நீங்க துணி துவைச்சிருப்பீங்களா? அதோட, எதுக்கு ஏறினீங்கன்னு மட்டும் புரியாம இருந்துச்சு. இப்ப புரிஞ்சுபோச்சு."

எழுந்து, நாற்காலியை எடுத்துக்கொண்டு பரணை நோக்கி நடந்தாள். சத்தம் வரட்டும் என்றே இழுத்துக்கொண்டு போனாள்.

"இலவசம் வேணாம்னுட்டேன். பழைய மெஷினைக் குடுத்தா புதுசோட விலையில கழிச்சுக்கறாங்களாம். புதுசு நாளைக்கு வருது. கதவு முன்பக்கம் வச்சது. நீங்க தாராளமா மேல ஏறிக்கலாம். பரண்ல ஒண்ணும் இருக்காது."