அணைய மறுத்த ஆறு விளக்குகள்

இனி இந்த வீட்டுக்குள் எலக்ட்ரீஷியன் என்று ஒருவர் காலெடுத்து வைக்கக் கூடாது என்று வாத்தியார் சபதம் போட்டார். போட்ட கையோடு ஏணியில் ஏறி, நடைவழியின் கூரையில் ஆறு எல்.இ.டி. விளக்குகளைத் தானே மாட்டினார். புது ஸ்விட்சும் அவர் கைவண்ணம்தான். ஒன்பதாவது நாள், அறைக் கதவுகளைச் சாத்திவிட்டு அந்த ஜன்னலில்லாத நடையைப் பெருக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி கூரையைப் பார்த்தாள்.

"என்னங்க, லைட்டை அணைச்சீங்களா?"

"அணைச்சாச்சு."

"அப்ப எதுக்கு எரியுது?"

"எரியலை. லேசா மினுங்குது."

"எதுக்கு மினுங்குது?"

"அது எல்.இ.டி.யோட சுபாவம்."

"தையல் ரூம்ல இருக்கறதும் எல்.இ.டி.தான். அதுக்கு இந்தச் சுபாவம் இல்லையே."

"அது வேற கம்பெனி."

"அதை மாட்டினதும் வேற ஆளு."

வாத்தியார் ஸ்விட்சை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். பதினேழு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பாடம் நடத்துகிறவர். கரும்பலகையில் அவர் வரைந்த விளக்கு ஒன்றுகூட இன்றுவரை தப்பாக எரிந்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன்," என்றாள். "அதுக்குள்ள அணையலைன்னா உங்க டூல் பெட்டி என் தம்பி வீட்டுக்குப் போயிடும்."

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெட்டி அவருக்கு உயிர். அதிலிருக்கும் பதினாலு ஸ்க்ரூடிரைவரையும் வாரம் ஒருமுறை எண்ணெய் தடவித் துடைத்து வைப்பார். மச்சினனோ ஸ்க்ரூடிரைவரால் முதுகு சொறிகிற ஆசாமி.

சனிக்கிழமை முழுக்க ஏணியே கதியென்று கிடந்தார். வெள்ளிக்கிழமை தோறும் விளக்கைத் துடைக்கிற மனைவி, முந்தின நாள் விட்டுப்போனதென்று ஏணியைக் கேட்டாள்; அவர் கொடுக்கவில்லை. ஆறு விளக்கையும் இடம் மாற்றினார். ஆறும் இடம் மாறி மினுங்கின. ஸ்விட்சை அணைத்துவிட்டு ஒரு விளக்கைக் கழற்றி வயரைத் தொட்டார். பளீரென்று விழுந்தது ஓர் அடி. ஏறும்போது ஏழு படி இருந்த ஏணி, இறங்கும்போது ஒரே படியாக இருந்தது.

"என்னங்க சத்தம்?" என்று தையல் அறையிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லை. இறங்கினேன்."

அணைத்த விளக்கு எப்படி அடிக்கும்? யாரிடம் கேட்பது? கேட்டால் மானம் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி, தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வர மூன்று மணி நேரமாகும் என்று சொல்லிக் கிளம்பினாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு எலக்ட்ரீஷியனின் அட்டை ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது, எப்போது ஒட்டியது என்று யோசிக்கிற நிலைமையில் அவர் இல்லை. சபதத்தைக் காற்றில் விட்டுவிட்டு நம்பரை அழுத்தினார்.

பத்தாவது நிமிஷம் வந்து நின்றவள் ஒரு இளம்பெண். நீலச் சட்டை, தோள் முதல் முழங்கால் வரை பை பையாய் வைத்துத் தைத்த உடுப்பு. டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"சார், யார் சார் இதை மாட்டினது?"

"யாரோ ஒருத்தன்," என்றார் வாத்தியார். "விவரம் கெட்டவன்."

"நீங்க இல்லையே?"

"நானா? நான் சயின்ஸ் வாத்தியார்மா."

"அப்ப நீங்களா இருக்க முடியாது சார். ஸ்விட்சை கரண்ட் வர்ற வயர்ல மாட்டாம, திரும்பிப் போற நியூட்ரல்ல மாட்டியிருக்காங்க. நீங்க அணைச்சாலும் கரண்ட் விளக்கு வரைக்கும் வந்து நிக்கும். கொஞ்சம் கொஞ்சமா கசியும். அதான் மினுங்குது. வீட்ல யாராவது ஏணி போட்டு இதைத் துடைப்பாங்களா?"

"என் சம்சாரம்."

"எதால?"

"ஈரத்துணியால."

அந்தப் பெண் ஸ்விட்ச் பெட்டியையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். வாத்தியார் ஏணியைத் திரும்பிப் பார்த்தார். நேற்று அதை மனைவியிடம் கொடுத்திருந்தால்? நேற்று விழுந்த அடியைவிட இது பலமாக இருந்தது. மடத்தனமாக நடந்துகொண்டோமே என்று நிஜமாகவே வெட்கப்பட்டார்.

கால் மணி நேரத்தில் வயர்கள் இடம் மாறின. ஸ்விட்சைத் தட்டியதும் நடைவழி கும்மிருட்டானது. அவள் ஒரு தாளை நீட்டினாள்.

"ஆபத்தான வேலையா இருந்தா வீட்டுக்காரர் கைப்பட இனி இப்படி நடக்காதுன்னு ஒரு குறிப்பு எழுதணும் சார்."

வாத்தியார் சிவப்புப் பேனாவை எடுத்தார். 'இவ்வேலையைச் செய்த நபர் இனி இவ்வீட்டில் ஸ்க்ரூடிரைவரைத் தொடக் கூடாது. வீட்டிலுள்ளவர்கள் இதைக் கண்டிப்பாக நிறைவேற்ற வேண்டும்.' கையெழுத்துப் போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்தார்.

வாசல் கதவு திறந்தது. மூன்று மணி நேரம் என்று போனவள் ஒரு மணி நேரத்தில் வந்து நின்றாள். வாத்தியார் அவசரமாகச் சிவப்புப் பேனாவை மூடினார். அவளோ அவரைத் தாண்டி அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"உடுப்பு தோள்ல இழுக்குதா?"

"இல்லைக்கா. கச்சிதமா தைச்சிருக்கீங்க," என்று சொல்லித் தாளை அவளிடம் கொடுத்தாள் எலக்ட்ரீஷியன்.

மனைவி நிதானமாக இரண்டு தடவை படித்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அட்டையை ஒட்டியது யார், குறிப்பு கேட்டது எதற்கு என்று வாத்தியாருக்கு ஒவ்வொன்றாய் விளங்கியது.

"சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குல்ல?" என்றார் ஈனஸ்வரத்தில். "விளக்கும் அணைஞ்சிடுச்சு. பெட்டி இங்கேயே இருக்கட்டுமே."

"அதைக் காலையில நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே தம்பி எடுத்துட்டுப் போயிட்டான். உங்க கையெழுத்துதான் பாக்கி இருந்தது."